கரையாத பொடிக்கு ருசி இல்லை

"எரியுதுப்பா" என்றாள் கமலா.

சனிக்கிழமை காலை. அடுப்படி வாசலில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தேன். என் இடது கை அவள் தாடையைப் பிடித்திருந்தது. வலது கையில் கரண்டி. தேனில் குழைத்த வெள்ளைப் பொடியில் கொஞ்சம் அவள் வாய்க்குள் போயிருந்தது. மிச்சத்தை என் சட்டைமேல் துப்பியிருந்தாள்.

"பொய் சொல்லாதே. இந்த மருந்துக்கு ருசியே கிடையாது."

"எரியுது."

"ருசியே இல்லாதது எப்படிம்மா எரியும்?"

அவள் நாக்கை நீட்டி உள்ளங்கையால் தேய்த்தாள். ஆறு வயதுப் பிள்ளை மருந்துக்கு அடம் பிடிப்பது எனக்குப் புதிதல்ல. மோவாயில் வழிந்ததைக் கரண்டியால் வழித்து மறுபடியும் அவள் வாய்க்குள் வைத்தேன்.

இந்த இரண்டாவது கரண்டியைப் பற்றி எழுதத் துணிவில்லாமல்தான் இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் துறைமுகத்துக் கதைகளையும் ஆபீஸ் கதைகளையும் எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் என் புத்தக அலமாரியைப் பற்றி எழுதியபோதுகூட, அதன் கீழ்த்தட்டு ஏன் காலியாக இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

அமிர்தம் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"பொய் சொல்ற மூஞ்சியாங்க இது?"

என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, அதன் ஓரத்தைத் தன் நாக்கு நுனியில் வைத்தாள். உடனே முற்றத்தில் துப்பினாள். இன்னொரு தடவை துப்பினாள்.

"எரியுது" என்றாள் என்னைப் பார்த்து. "செப்புக் காசை வாயில போட்டாப்ல இருக்கு."

அந்தப் பொடியைப் பற்றி அந்த வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான்.

பேதிச் சனி

அந்த நாளில் பினாங்கில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை, எங்கள் சந்து முழுவதும் பேதிச் சனி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை அழும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அப்பன் அதட்டுவான். சிலர் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். என்னைப் போல நாலெழுத்து படித்த கிராணிமார்கள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், காலமல் கொடுப்போம்.

காலமல் என்பது வேறொன்றுமில்லை, நம் வைத்தியர்கள் பூரம் என்று சொல்லும் அதே சரக்குதான். ரசம் என்கிற பாதரசமும் குளோரினும் சேர்ந்த வெள்ளைப் பொடி. கத்தி முனையில் ஏறும் அளவு போதும். குடல் சுத்தமாகிவிடும் என்று டாக்டர்களும் சொன்னார்கள், நாட்டு வைத்தியர்களும் சொன்னார்கள். இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு உப்பும் புளியும் கூடாது. அமிர்தம் விடியற்காலையிலேயே உப்பில்லாத கஞ்சி வைத்து ஆற்றி மூடியிருந்தாள். உப்போடு சேர்ந்தால் பூரம் வேறொன்றாக மாறி ஆளை அடித்துவிடும் என்பது நம்மவர்கள் பயம். அந்தப் பயத்தைக் கேட்டு நான் பல தடவை சிரித்திருக்கிறேன்.

அது மாறக்கூடிய அந்த "வேறொன்று" என் வீட்டிலேயே ஒரு புட்டி நிறைய இருந்தது.

தோள்கம்புக்காரர்கள்

அதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் வீரம். அதுவும் ரசமும் குளோரினும்தான். அதுவும் வெள்ளைதான். தின்றவனைக் கொல்லும்.

ஒரே இரண்டு சரக்கு சேர்ந்து ஒரு பக்கம் மருந்தாகவும் மறு பக்கம் விஷமாகவும் ஆவது எப்படி என்று பள்ளியில் படித்தபோதே எனக்கு ஆச்சரியம். எங்கள் ரசாயன மாஸ்டர் கரும்பலகையில் எழுத்தும் எண்ணும் போட்டார், எனக்கு ஏறவில்லை. மார்க்கெட் தெருவில் தோள்கம்பு சுமந்து போகும் சீனரைப் பார்த்தபோதுதான் ஏறியது.

வீரத்தில் ரசம் ஒன்று, குளோரின் இரண்டு. தோள்கம்புக்காரன் ஒருவன், முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை. மூன்றும் ஒரே நேர்கோடு. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். வீரமும் அப்படித்தான். தண்ணீரில் கரையும், எச்சிலில் கரையும், ரத்தத்துக்குள் போய்விடும்.

பூரத்தில் ரசம் இரண்டு, குளோரின் இரண்டு. இரண்டு ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்தபடி நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு கூடை, வெளிக்கைகளில். நான்கும் ஒரே நேர்கோடுதான், ஆனால் நீளம். பிடித்த கையை விடாதவரைக்கும் அவர்களால் சந்துக்குள் திரும்ப முடியாது. பூரம் தண்ணீரில் கரையாது. கரையாத பொருளை நாக்கு அறியாது. அதனால்தான் பூரத்துக்கு ருசி இல்லை.

ஆனால் வெயில் பட்டால் அந்தக் கைப்பிடி மெல்ல மெல்ல விட்டுப்போகும். ஒருவன் தன் கூடையையும் மற்றவன் தலையில் கட்டிவிட்டு வெறுங்கையோடு நழுவுவான். நழுவினவன் வெறும் ரசம். பொடி சாம்பல் நிறமாகும். இரண்டு கூடையோடு நின்றவன் யார் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே பூரத்தை இருட்டில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கதவு போட்டு மூடிய இருட்டான இடம் ஒன்றுதான் இருந்தது. புத்தக அலமாரி.

கரப்பான் தின்றது

புத்தகம் வைத்திருப்பவனுக்கு இந்த ஊரில் இரண்டு விரோதிகள். ஈரம் ஒன்று, கரப்பான் ஒன்று. அட்டையில் தடவிய பசைக்காகக் கரப்பான் ஒரு புத்தகத்தையே தோலுரித்துவிடும். வீரத்தைச் சாராயத்தில் கரைத்து அட்டையின் முதுகில் பூசினால் ஒரு பூச்சியும் அண்டாது என்று எங்கோ வாசித்தேன். சூலியா தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த காதர் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

அவர் நீண்ட காலம் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கியவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கேட்டதும் கொடுத்துவிடவில்லை.

"கிதாபுக்கா? கிதாபு மேல அவ்வளவு ஆசையா தம்பி?"

"ஆமாண்ணே."

"வீட்ல சின்னப் புள்ளை இருக்கு, மறந்துடாதே. புட்டியைப் பாத்தியா, வரி வரியா இருக்கு. கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் விரலு சொல்லணும், இது விஷம்னு. இதை விட்டு வேற புட்டியில மாத்தினே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

மாற்றினேன். மழைக்காலத்தில் அந்தப் புட்டியின் தக்கை பூஞ்சை பிடித்து உதிர்ந்தது. கைவசம் கண்ணாடி மூடி போட்ட ஜோடிப் புட்டிகள் இரண்டு இருந்தன, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு சிநேகிதர் கொடுத்தவை. ஒன்றில் ஏற்கெனவே பூரம் இருந்தது. மற்றதில் வீரத்தைக் கொட்டினேன்.

சீட்டு ஒட்டாமல் இல்லை. அமிர்தத்துக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அவளுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில், முத்து முத்தான எழுத்தில், ஒன்றில் மருந்து என்றும் ஒன்றில் விஷம் என்றும் எழுதினேன். சோற்றுப் பசை தடவி ஒட்டினேன்.

சோற்றுப் பசை.

என் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் வீரம் பூசியிருந்தேன். ஒன்றைக்கூடக் கரப்பான் தொடவில்லை. அந்த அலமாரியில் அதற்குத் தின்னக் கிடைத்தது அந்த இரண்டு சீட்டுகள்தான். இரண்டையும் சுத்தமாகத் தின்றிருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது சீட்டு இல்லாததைப் பார்த்தேன். ஆனால் பூரம் எப்போதும் இடது பக்கம் என்று ஞாபகம். முந்தின வாரம் புட்டிகளை எடுத்து அலமாரியைத் துடைத்து மறுபடி வைத்தவனும் நான்தான் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

முட்டை முதலில்

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு புட்டிகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு அமிர்தம் பின்னால் ஓடிவந்தாள். எங்கள் சந்திலிருந்து சூலியா தெரு கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு அது முடியவேயில்லை. சாலை நனைந்திருந்தது. கமலா என் காதருகே, "இன்னும் எரியுதுப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் நம்பவில்லை என்று நினைத்துத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள் போலிருக்கிறது.

காதர் அண்ணன் அப்போதுதான் கடைப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைத்தபடி, "புட்டி மாறிப்போச்சுண்ணே... எதுன்னு தெரியல..." என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"வரிப் புட்டி எங்கே?"

அமிர்தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு கண்ணாடிப் புட்டிகளையும் எடுத்து வைத்தாள்.

"சரி. கேள்வி அப்புறம், முட்டை முதல்ல." தெருவைப் பார்த்து மலாய் மொழியில் கத்தினார். "நோன்யா! தெலோர்! லெக்காஸ்!"

எதிர்க்கடைச் சீன அம்மாள் முட்டைக் கூடையோடு ஓடிவந்தாள். "பூடாக் சாக்கிட்?" என்று கேட்டுக்கொண்டே கமலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்கு நோவா என்றுதான் கேட்டாள். யாரும் சொல்லாமலே முட்டைகளை உடைத்து மஞ்சளை ஒதுக்கி வெள்ளையை மட்டும் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"குடிம்மா. கொழகொழன்னுதான் இருக்கும், நல்லா இருக்காது" என்றார் காதர் அண்ணன் கமலாவிடம். நான் அவளிடம் ஒரு தடவையும் அப்படி உள்ளதைச் சொன்னதில்லை. அவள் குடித்தாள். வீரம் போய் வயிற்றைக் கடிப்பதற்கு முன்னால் முட்டையின் வெள்ளையைக் கடிக்கும், இரண்டும் திரண்டு கட்டியாகும். ஆனால் அந்தக் கட்டியை உள்ளே விட்டுவைக்கக் கூடாது, மறுபடி கரைந்துவிடும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தார். மறுபடி முட்டை. மறுபடி வாந்தி. அமிர்தம் பிள்ளையின் முடியைப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லு. எதைக் கொடுத்தேன்னு தெரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரியில சொல்ல முடியும்."

சட்டையிலிருந்த கறையைக் காட்டினேன்.

"தேன் கலந்திருக்கு. அதை நம்ப முடியாது. வெறும் பொடி இல்லையா?"

சட்டைப்பையைத் தடவினேன். கிராணி வேலை பார்க்கிறவன் எந்தத் துண்டுக் காகிதத்தையும் எறிய மாட்டான். புட்டியிலிருந்து பொடியைக் கொட்டி அளந்த காகிதம், நாலாக மடித்தபடி, பைக்குள் இருந்தது. மடிப்பில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அவர் தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். சுண்ணாம்பை ஒரு விரல் எடுத்துத் தண்ணீரில் கலக்கினார். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில், இரண்டு புட்டியிலிருந்தும் இரண்டு சிட்டிகை தள்ளித் தள்ளி வைத்தார். மூன்றாவதாக என் காகிதத்தைப் பிரித்து வைத்தார்.

முதல் சிட்டிகையில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டார். வெள்ளைப் பொடி கண் எதிரே கறுத்தது, அடுப்புக்கரி போல. அதுதான் பூரம். சுண்ணாம்பு கூடைகளைப் பிடுங்கிக்கொள்கிறது, கைப்பிடி விட்டுப்போகிறது, ரசம் கறுப்பாகப் பொடிந்து விழுகிறது. பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் இதே வித்தையைக் காட்டியபோது நாங்கள் கைதட்டினோம்.

இரண்டாவதில் விட்டார். செங்கல் நிறம் ஒரு கணம் ஓடியது, பிறகு மஞ்சள்.

காகிதத்துக்குமேல் அவர் கை போனபோது, நான் அதுவரை ஒரு தெய்வத்திடமும் வேண்டாத விதமாக ஒரு நிறத்தை வேண்டினேன். கறுத்துவிடு. கறுத்துவிடு.

சொட்டு விழுந்தது. மடிப்பின் ஓரமாக மஞ்சள் பரவியது. மாம்பழத் தோலைப் போல நல்ல மஞ்சள்.

"யா அல்லா" என்றார் காதர் அண்ணன் மெதுவாக. பிறகு வாசலுக்குப் போய், ரிக்‌ஷாக்காரனை இரண்டு விரலால் விசிலடித்துக் கூப்பிட்டார்.

மூன்று நாள்

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைக் கழுவினார். பால் கொடுத்தார்கள். காதர் அண்ணன் அந்தக் காகிதத்தையே டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என்னை அழைத்துப் போய், நிறையத் துப்பியது நல்லதாயிற்று, உடனே முட்டை கொடுத்தது அதைவிட நல்லதாயிற்று என்றார். இனிமேல் பார்க்க வேண்டியது ஒன்றுதான். உள்ளே போன விஷம் மூத்திரக்காயை, அதாவது சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். பிள்ளை சிறுநீர் கழித்தால் பிழைத்தாள்.

கட்டிலடியில் வெள்ளை எனாமல் சட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஈறு வீங்கி, உதடு வெடித்து, முகம் சற்று ஊதி, கமலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. புத்தகங்கள் பளபளவென்று இருந்தன. ஒரு முனை மடங்கவில்லை, ஒரு ஓட்டை இல்லை. கீழ்த்தட்டில், புட்டிகள் இருந்த இடத்தில், ஈரத்தில் இரண்டு வட்டங்கள். அதற்குப் பிறகு அந்தத் தட்டில் எதையும் வைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

திரும்பி வந்தபோது அமிர்தம் கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முதல் கரண்டியிலயே அவ எரியுதுன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "நீங்க படிச்சவங்களாச்சே, உங்களுக்குத் தெரியாததான்னுதான் அடுப்பை விட்டு எந்திரிக்கல."

கரையாத பொடிக்கு ருசி இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் எரிகிறது என்று ஒரு நாக்கு சொன்னால், அது கரைந்துவிட்டது என்று அர்த்தம். அது பூரமே இல்லை என்று அர்த்தம். சுண்ணாம்பும் வேண்டாம், தட்டும் வேண்டாம். சோதனையை என் மகள் என் கண் முன்னாலேயே செய்து முடித்து, முடிவையும் வாய்விட்டுச் சொன்னாள். அவளைப் பொய்க்காரி என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல மழை. கூரைத் தகரத்தில் அது போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அமிர்தம் தூண் ஓரமாகச் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள்.

"அப்பா."

திரும்பினேன். கமலா எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தாள்.

"வருது."

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைத் தூக்கி எனாமல் சட்டியில் உட்கார வைத்தேன். என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மழைச் சத்தம்தான் கேட்டது, வெகுநேரம். பிறகு அந்தச் சத்தத்துக்கு அடியில், மிக மெலிதாக, எனாமலில் இன்னொரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. ஒரு கையளவுகூட இருக்காது. அமிர்தம் விழித்துக்கொண்டு, சட்டியைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கமலா என் கழுத்தை விடவில்லை. என் காதருகே அந்த வெடித்த உதடு அசைந்தது.

"அன்னைக்கு எரிஞ்சுதுப்பா. நிசமா."

"ஆமாம்மா" என்றேன். "எரிஞ்சுது."

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எதற்கும் துருவித் துருவிக் கேள்வி கேட்கிற பெண்ணாக வளர்ந்திருக்கிறாள். இருமல் மருந்தானாலும் நான் ஒரு சொட்டு என் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். அம்மாவும் மகளும் கண்ணால் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும்.

நேற்று பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கால் வலிக்கிறது என்றாள். அன்றைக்குக் கணக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியும்.

எந்தக் கால் என்று மட்டும் கேட்டேன்.